கரிநெருப்பின் வாசனை

ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் எங்கள் சபையார் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். வேலை கிடைத்ததையும் நோய் குணமானதையும் சொல்லி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்ற 1 சாமுவேல் 7:12 வசனத்தோடு முடிப்பார்கள். அங்கே சாமுவேல் கல்லுக்கு இட்ட, 'உதவியின் கல்' என்று பொருள்படும் எபெனேசர் என்ற பெயர் எங்கள் ஊரில் வீடுகளுக்கும் கடைகளுக்கும்கூட உண்டு. ஆனால் இஸ்ரவேலர் முதலில் 4,000 பேரையும் பின்பு 30,000 பேரையும் இழந்து, உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்த போருக்காகப் பாளயமிறங்கிய இடமாக அதே பெயர் மூன்று அதிகாரங்களுக்கு முன்பே வருகிறது. அந்த எபெனேசரை யாரும் சாட்சியில் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

என் அப்பா தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டு எங்களைப் படிக்கவைத்தவர். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மழை மாலையில் குடையோடு பள்ளி வாசலில் வந்து நின்றார். அவர் யார் என்று உடன் படித்தவன் கேட்டதற்கு, "எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் பின்னாளில் என்னை அதிகம் வதைத்தது. காதில் விழும் தூரத்தில் நின்றிருந்த அப்பா, குடையை என் கையில் கொடுத்துவிட்டு நனைந்தபடியே போனார். மறுநாள் காலையில் என் சீருடை வழக்கம்போல மடிப்புக் கலையாமல், சூடு ஆறாமல் நாற்காலியில் இருந்தது.

அதன் பிறகு பல ஆண்டுகள், கரி கனலும் வாசனை வந்தாலே வயிறு கலங்கும். திடப்படுத்தல் வகுப்பு முடிந்து முதல் திருவிருந்துக்கு முழங்காற்படியிட்டபோதும், மன்னிப்பைப் பற்றிய வார்த்தைகள் வேறு யாருக்கோ சொல்லப்படுவதுபோலவே இருந்தன.

யோவான் சுவிசேஷம்தான் எனக்கு உதவியது. சீடனான பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த இரவில் குளிர்காய்ந்தது கரிநெருப்பில். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் மீன் வைத்திருந்ததும் கரிநெருப்பின்மேல். மூலமொழியில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. பேதுருவின் நினைவிலிருந்து அந்த இரவை இயேசு அழித்துவிடவில்லை. அதே வாசனைக்கு நடுவே அவனுக்குக் காலை உணவு கொடுத்துவிட்டு, அதன் பிறகே "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டார். சுகமான நினைவு வேண்டும், கசப்பானது வேண்டாம் என்று நான் ஜெபித்துவந்தது எவ்வளவு பிழை என்று அன்று விளங்கியது. சூடு ஆறாத அந்தச் சட்டையும் கரியில் தேய்த்ததுதானே!

இன்று நான் ஆசிரியர். சேர்க்கைப் படிவத்தில் தகப்பனாரின் தொழில் என்ற இடத்தில் ஒரு பிள்ளையின் பேனா தயங்கினால், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நல்ல மதிப்பெண்ணும் நல்ல பிரசங்கங்களும் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் துணிந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்படி ஒன்று நடந்ததாகவே தமக்கு நினைவில்லை என்றார். சற்று நேரம் கழித்து, அன்று என் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லாமல் இருந்ததாகவும், இரவில் அதைத் தைத்த பிறகே இஸ்திரி போட்டதாகவும் சொன்னார்.