பூட்டிய அலமாரி

படைப்பெழுத்தில் முனைவர் பட்டம் படிக்கிறேன் என்றதும் சிங்கப்பூர் டேக்கா கோப்பிக்கடை அண்ணன் கேட்டார்: “கதை எழுதவா டாக்டர் பட்டம்?” கதை மட்டும் என்றால் பரவாயில்லையே. நாவலோடு ஆய்வுரையும் தரவேண்டும்.

என் நாவலில், 1887இல் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழ் இங்கே தொடங்கிய காலத்து அச்சுக்கோப்பவர் ஒருவர் வருகிறார். பழைய இதழ்களைப் படிக்கப் படிக்க அடிக்குறிப்புதான் பெருகுகிறது; மனுஷன் வாயே திறப்பதில்லை. நேற்றுதான் மனைவியோடு சண்டை போட்டார், நன்றாக வந்தது. உடனே எனக்குள் இருக்கும் ஆய்வுக்காரி எட்டிப்பார்த்து, “இது காலனிய ஆண்மையா?” என்றாள். சண்டை அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது காலையில் நாவல், மதியத்துக்குமேல் ஆய்வு. கோட்பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இன்று பதினொன்றரைக்கே கேட்டேன். “மொதல்ல அவங்க சண்டைய முடிச்சு வை” என்கிறார்.