வெளி டேட்டாபேஸை ஒர்க்ஃப்ளோவோடு இணைத்த அனுபவம்

எங்கள் ஆர்டர் விவரமெல்லாம் பல வருடமாக ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. அதன்மேல் ஓடும் அப்ளிகேஷனில் கைவைக்க யாருக்கும் தைரியம் கிடையாது. எழுதியவர்கள் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஒரு ஆர்டர் ‘அனுப்பியாச்சு’ என்று மாறியதும் வாடிக்கையாளருக்கு மெயில் போக வேண்டும், கணக்கு மென்பொருளில் பில் ஏற வேண்டும், தாமதமானால் பொறுப்பாளருக்குத் தகவல் போக வேண்டும். இத்தனையையும் ஒருவர் தினமும் ரிப்போர்ட் எடுத்து, காப்பி பண்ணி, கையாலேயே செய்துகொண்டிருந்தார். அப்ளிகேஷனைத் தொடாமல் டேட்டாபேஸை நேராக ஒரு ஒர்க்ஃப்ளோ கருவியோடு (இப்படிப்பட்ட வேலைகளைப் படிப்படியாகத் தானே செய்யும் மென்பொருள்) இணைப்பது என்று முடிவானது. வேலை என்னிடம் வந்தது.

ஹோஸ்ட், போர்ட், யூசர், பாஸ்வேர்ட் கொடுத்து ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்தினால் பச்சை டிக் வரும். பலர் இணைப்பு என்றாலே அந்த டிக்கைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். டேட்டாபேஸில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று கருவிக்கு யார் சொல்வது? எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தக் கேள்விதான்.

முதலில் டிக் வரும்வரை உள்ள பாடு. இங்கே பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கனெக்‌ஷன் நீண்ட நேரம் தொங்கி ‘டைம் அவுட்’ ஆனால், பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. உடனே ‘ரெஃப்யூஸ்ட்’ என்று வந்தால், மெஷின்வரை போய்விட்டீர்கள், அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 5432-இல் இருக்கும். ஆனால் நிறுவியபடியே விட்டால் லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும்தான் காது கொடுக்கும். அதை மாற்றினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். மூன்றாவது வகை, யாரை உள்ளே விடலாம் என்று எழுதிவைக்கும் ‘பிஜி எச்பிஏ’ கோப்பில் உங்களுக்கு வரி இல்லை என்று போஸ்ட்கிரெஸே சொல்வது. இதைப் பார்த்தால் சந்தோஷப்படலாம், வாசல்வரை வந்துவிட்டீர்கள். ஒரு வரி சேர்த்து ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். கருவி டாக்கருக்குள் (மென்பொருளைத் தனிப் பெட்டியாக, அதாவது கன்டெய்னராக, ஓட்டும் வசதி) ஓடுகிறது என்றால் இன்னொன்று: அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் அது அந்த கன்டெய்னரையே குறிக்கும், டேட்டாபேஸ் இருக்கும் மெஷினை அல்ல.

போர்ட்டை ஊர் உலகத்துக்கே திறந்துவிட்டால் உடனே வேலை செய்யும். செய்யாதீர்கள். கருவிக்கு நிலையான ஐபி முகவரிகள் இருந்தால் அவற்றை மட்டும் அனுமதியுங்கள், இல்லையென்றால் எஸ்எஸ்எச் டனல் (என்கிரிப்ட் ஆன தனி வழி) போடுங்கள். போகிற டேட்டாவைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ரிக்வயர்’ என்று வைத்தால் போகிற டேட்டா என்கிரிப்ட் ஆகும், ஆனால் எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று அது சரிபார்ப்பதாக நம்ப முடியாது. ‘வெரிஃபை ஃபுல்’ வைத்தால்தான் சர்டிஃபிகேட்டும் ஹோஸ்ட் பெயரும் சரிபார்க்கப்படும்.

யூசர் விஷயத்தில் டேட்டாபேஸ் நிர்வாகி கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பிடிவாதம் நியாயமானது. அப்ளிகேஷனின் யூசரையே கருவிக்கும் கொடுப்பது சுலபம், ஆனால் பிறகு லாகைப் பார்த்தால் எந்தக் குவெரி யாருடையது என்றே தெரியாது. தனி யூசர், அதற்கு ஐந்து கனெக்‌ஷனுக்கு மேல் கிடையாது, முப்பது விநாடிக்கு மேல் ஓடும் குவெரி தானாக அறுந்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் போஸ்ட்கிரெஸில் யூசர் அளவிலேயே வைக்கலாம். மாற்றாமல் விட்டால் போஸ்ட்கிரெஸ் மொத்தமே 100 கனெக்‌ஷன்தான் தரும். ஒரு ஒர்க்ஃப்ளோ லூப்பில் மாட்டிக்கொண்டால் அத்தனையையும் அதுவே பிடித்துக்கொண்டு அப்ளிகேஷனை வெளியே நிறுத்திவிடும்.

டேபிள்களுக்கும் நேரடி அனுமதி இல்லை, ஒரு வியூ (சேமித்துவைத்த குவெரி, டேபிள்போலவே படிக்கலாம்) மட்டும். போஸ்ட்கிரெஸில் வியூ இயல்பாக அதன் உரிமையாளரின் அனுமதியில் ஓடுவதால், கருவியின் யூசருக்கு அடியில் உள்ள டேபிள்மேல் எந்த உரிமையும் தேவைப்படாது. இந்த வியூ பிறகு வேறு விதத்திலும் கைகொடுத்தது. எங்கள் கருவி நோடில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) எழுதியது. நோடுக்கான போஸ்ட்கிரெஸ் டிரைவர், நியூமெரிக் (தசம எண்) வகையையும் பிக் இன்ட் (பெரிய முழு எண்) வகையையும் எண்ணாகத் தராது, எழுத்துச் சரமாகத்தான் தரும். துல்லியம் போகாமல் இருக்க அப்படி. ஆனால் ஒர்க்ஃப்ளோவுக்குள் 250.00-ஐயும் 18.00-ஐயும் கூட்டச் சொன்னால் 250.0018.00 என்று வந்து நிற்கும். தேதி இன்னும் மோசம். நேரமில்லாத வெறும் தேதியை டிரைவர் உள்ளூர் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும், அடுத்த கட்டத்தில் அது யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாறும், யூடிசிக்கு முன்னே ஓடும் நேர மண்டலமாக இருந்தால் ஒரு நாள் பின்னால் போய்விடும். இரண்டையும் ஒர்க்ஃப்ளோவில் திருத்தாமல் வியூவிலேயே முடித்தோம்: கூட்டல்களை எஸ்கியூஎல்லில் போட்டு, தேதியை டெக்ஸ்ட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டோம்.

இனி அந்தப் பெரிய கேள்வி.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி: ஒவ்வொரு வரியிலும் கடைசியாகத் திருத்திய நேரம் இருக்கிறது, போன முறை பார்த்த நேரத்துக்குப் பிந்தைய வரிகளை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதாதா? சோதனைச் சூழலில் அழகாக ஓடும். நெரிசல் வந்தால் வரிகள் காணாமல் போகும். காரணம் இது. சில மாற்றங்களை ஒரே தொகுதியாகச் செய்வதுதான் டிரான்ஸாக்‌ஷன், அதை இறுதியாக்குவது கமிட், அதுவரை மற்றவர் கண்ணுக்கு அது தெரியாது. போஸ்ட்கிரெஸில் இப்போதைய நேரத்தைக் கேட்கும் ‘நவ்’ தருவது டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் அல்ல. ஒரு டிரான்ஸாக்‌ஷன் 10:00:00-க்குத் தொடங்கி 10:00:20-க்கு கமிட் ஆகிறது என்று வையுங்கள். நடுவில் 10:00:05-க்கு வந்த இன்னொரு ஆர்டர் உடனே கமிட் ஆகிவிட்டது. 10:00:10-க்கு நம் கருவி எட்டிப் பார்த்து 10:00:05-ஐக் குறித்துக்கொண்டு போகிறது. அடுத்த முறை அதற்குப் பிந்தையதைத்தான் கேட்கும். 10:00:00 என்று முத்திரை குத்திய அந்த முதல் ஆர்டர் அதன் கண்ணில் படவே படாது. பிழைச் செய்தியும் வராது. நேரத்துக்குப் பதில் வரிசை எண்ணை வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் எண் கிடைக்கும் வரிசையிலேயே கமிட் நடக்கும் என்று உத்தரவாதமில்லை.

இதோடு ஒரு லூப்பும் உண்டு. மெயில் போனதும் ஒர்க்ஃப்ளோ அதே ஆர்டர் வரியில் ‘மெயில் போயாச்சு’ என்று எழுதினால் திருத்திய நேரம் மாறும், அடுத்த சுற்றில் அதே வரி மறுபடி புதிதாகத் தெரியும். வாடிக்கையாளருக்கு நிமிடத்துக்கு ஒரு மெயில்.

ஒரு பக்கம் ‘நோட்டிஃபை’ என்று சொன்னால் மறுபக்கம் ‘லிசன்’ என்று காத்திருப்பவருக்கு உடனே கேட்கும் போஸ்ட்கிரெஸ் வசதியையும் யோசித்தோம். கேட்க ஆள் இல்லாத நேரத்தில் சொன்ன நோட்டிஃபை காற்றோடு போய்விடும், சேமித்துவைக்காது. செய்தியும் 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். நடுவில் பிஜி பவுன்சர் (ஒரே இணைப்பைப் பலருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்) டிரான்ஸாக்‌ஷன் முறையில் ஓடினால் லிசன் வேலையே செய்யாது. சீக்கிரம் எழுப்பிவிட மட்டும் அது நல்லது, நம்பி இருக்க அல்ல. (மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரோடு அவர்களுடைய பவர் ஆட்டோமேட் ஒர்க்ஃப்ளோ கருவியை வைத்திருப்பவர்களுக்கு: வரி மாறியதும் ஒர்க்ஃப்ளோவைத் தொடங்கிவைக்க டேபிளில் ரோவெர்ஷன் நெடுவரிசை இருந்தாக வேண்டும், புதிய வரிக்கு ஐடென்டிட்டி நெடுவரிசை வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு டேபிளைப் பாருங்கள்.)

கடைசியில் வைத்தது ஒரு அவுட்பாக்ஸ் டேபிள், அதாவது வெளியே போக வேண்டிய செய்திகள் காத்திருக்கும் டேபிள். ஆர்டர் டேபிளில் ஒரு ட்ரிகர், அதாவது வரி மாறும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் சிறு நிரல். ஸ்டேட்டஸ் உண்மையிலேயே மாறினால் மட்டும், அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள், அவுட்பாக்ஸில் ஒரு வரி போடும். ஆர்டர் எண், என்ன நடந்தது, எப்போது, நிலை, எத்தனை முறை முயன்றோம், அவ்வளவுதான். கருவி நேரத்தைக் கேட்பதே இல்லை, ‘காத்திருக்கிறது’ என்ற நிலையில் உள்ள வரிகளைத்தான் கேட்கிறது. ஆகவே தாமதமாக கமிட் ஆன வரியும் அடுத்த சுற்றில் வந்துவிடும்.

நிர்வாகி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

“ட்ரிகர் போடுறீங்க சரி சார். ட்ரிகர் விழுந்தா ஆர்டரும் சேர்ந்து விழுந்துடும். ராத்திரி போன் எனக்குத்தானே வரும்?”

அவர் சொன்னது அப்படியே உண்மை. அதனால் ட்ரிகரை ஒரே ஒரு இன்சர்ட்டாகச் சுருக்கினோம், ஜாயின் (வேறு டேபிளோடு சேர்த்துப் பார்ப்பது) எதுவும் இல்லை, வெளியே எங்கும் கூப்பிடுவதில்லை. ட்ரிகர் அப்ளிகேஷன் யூசரின் உரிமையில்தான் ஓடும் என்பதால் அந்த யூசருக்கு அவுட்பாக்ஸில் இன்சர்ட் அனுமதி கொடுத்த பிறகே ட்ரிகரை இயக்கினோம்.

வரியை எடுக்கும் இடத்தில் ஒரு சிக்கலைப் பல ஒர்க்ஃப்ளோ கருவிகளில் எதிர்பார்க்கலாம். ‘ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட்’ (மற்றவர் பூட்டிய வரிகளை விட்டுவிட்டு மீதியைப் பூட்டி எடு) என்று செலக்ட் போட்டால் இரண்டு ஓட்டங்கள் ஒரே வரியைப் பிடிக்காது என்று படித்திருப்போம். ஆனால் கருவியில் ஒவ்வொரு படியும் தனி டிரான்ஸாக்‌ஷனாக ஓடினால், அந்தப் படி முடிந்த நொடியே லாக் போய்விடும். அதனால் ஒரே ஸ்டேட்மெண்டில் முடிக்க வேண்டும்: உள்ளே ஸ்கிப் லாக்ட் போட்டு இருபது வரியைத் தேர்ந்தெடுத்து, வெளியே அவற்றை ‘எடுத்தாச்சு’ என்று அப்டேட் செய்து, ‘ரிட்டர்னிங்’ மூலம் வரிகளை வாங்கிக்கொள்வது. எடுத்துப் பதினைந்து நிமிடம் ஆகியும் ‘முடிந்தது’ என்று மாறாத வரிகளைத் தனியாக ஒரு வேலை மறுபடி ‘காத்திருக்கிறது’ நிலைக்குத் தள்ளும்.

இதன் விலை, ஒரே செய்தி எப்போதாவது இரண்டு முறை போகக்கூடும் என்பது. மெயில் அனுப்பிவிட்டு, அதைக் குறிப்பதற்குள் கருவி விழுந்தால் அதுதான் நடக்கும். மெயில் இரண்டு போனால் சகிக்கலாம், பில் இரண்டு ஏறினால் முடியாது. எனவே கணக்கு மென்பொருளுக்கு ஒவ்வொரு பில்லோடும் அவுட்பாக்ஸ் எண்ணையே குறிப்பு எண்ணாக அனுப்புகிறோம், அதே எண் மறுபடி வந்தால் அது ஏற்காது. நம் பக்கம் எழுதும் டேபிள்களில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடும் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டு நத்திங்’கும் (ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்யாதே) வைத்திருக்கிறோம்.

குவெரிக்குள் மதிப்புகளை ஒட்டுவது பற்றி ஒரு வரி: கருவியின் பாராமீட்டர் கட்டத்தைப் பயன்படுத்துங்கள், எக்ஸ்பிரஷனை நேராகக் குவெரியில் சொருகாதீர்கள். பெயரில் ஒரு மேற்கோள் குறி வந்தாலே குவெரி உடையும், கெட்ட எண்ணத்தோடு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பார்ப்பது ஒரே ஒரு எண்: அவுட்பாக்ஸில் காத்திருக்கும் வரிகளில் மிகப் பழையதன் வயது. பத்து நிமிடத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். அந்தக் குவெரியை ஒர்க்ஃப்ளோ கருவியில் வைக்கவில்லை, சர்வரின் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) வைத்திருக்கிறேன். கருவியே படுத்துவிட்டால் அதைச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.