நான் நிரப்பிய 41 கட்டங்கள்

"இவங்க பேருக்கு நேரே போன மாசம் வரைக்கும் ஒண்ணும் இல்லையே?"

அந்தப் பெண்மணி கேட்டது இவ்வளவுதான். கேட்டது ஆங்கிலத்தில். ஆனால் எனக்குள் அது இப்போது தமிழில்தான் ஓடுகிறது. நான் சிரித்துக்கொண்டே, "ஆமா, நாங்களே கண்டுபிடிச்சோம்" என்றேன். பதிலைக்கூட மறந்துவிடலாம். அந்தச் சிரிப்புதான் போக மாட்டேன் என்கிறது.

மைக்ரேஷன் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். பழைய சிஸ்டத்தில் குப்பையாகக் கிடக்கும் டேட்டாவைத் துடைத்துப் புதியதில் ஏற்றும்போது, காலியாகக் கிடந்த ஃபீல்டு நிரம்பினால் ஒரு சந்தோஷம் வரும். ஆம்ஸ்டர்டாமிலும் சுற்றுவட்டாரத்திலும் முதியோர் இல்லங்கள் நடத்தும் நிறுவனம் அது. சுமார் 2,300 பேரின் பதிவுகள். அதில் மதம் என்று ஒரு ஃபீல்டு. கடைசிக் காலத்தில் பாதிரியாரைக் கூப்பிடுவதா, யூத மதகுருவான ரப்பியைக் கூப்பிடுவதா, யாரையும் கூப்பிட வேண்டாமா என்று தெரிந்துகொள்ள வைத்தது. நல்ல நோக்கம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கால்வாசிப் பேருக்கு அது காலியாக இருந்தது.

காலியை நிரப்ப யாரும் என்னிடம் சொல்லவில்லை. 'டேட்டா தரத்தை உயர்த்தவும்' என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். நானாக ரூல் எழுதினேன். சாப்பாட்டுக் குறிப்பில் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி, என்றிருக்கிறதா, ஈமச்சடங்குச் சங்கத்தின் பெயர் இருக்கிறதா, எந்த மருத்துவமனையைக் கேட்டிருக்கிறார், சனிக்கிழமை வெளியே போவதில்லை என்று செவிலியர் எழுதியிருக்கிறாரா. நாலைந்து தடயங்களைச் சேர்த்தால் போதும். பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று வந்தார்கள். 41 பேர் யூதர் என்று வந்தார்கள்.

டெமோவில் ஃபில்டர் போட்டுக் காட்ட ஏதாவது ஒரு மதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் யூதர் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் சொன்னால் சில்லறையாகத் தோன்றும்: 41 வரி என்றால் ஸ்க்ரோல் பண்ணாமல் ஒரே திரையில் அடங்கிவிடும். பெயர், பிறந்த தேதி, இல்லம், அறை எண். 1931, 1934, 1938 என்று பிறந்த வருடங்கள் வரிசையாக நின்றன. அறை எண்ணோடு.

கேள்வி கேட்ட அந்தப் பெண்மணி பதிவுப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர், ஓய்வுக்குச் சில மாதங்கள்தான் பாக்கி. என் பதிலைக் கேட்டுக் கோபப்படவில்லை. "அவங்க அதைக் காலியா விட்டிருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொன்னார். நானும் போனேன். அடுத்த ஸ்லைடு எதைப் பற்றியது என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

மதிய இடைவேளையில், ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டிருந்த ஒரு டச்சுப் பையன் தன் போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். 1941 மே மாதத்து ஆம்ஸ்டர்டாம். ஊர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். பழைய யூதக் குடியிருப்பில் மை கொட்டினாற்போல் அடர்ந்து, தெற்கே ஆறுகளின் பெயர் வைத்த புதுத் தெருக்களிலும் திரண்டு, ஓரங்களில் ஒற்றைப் புள்ளிகளாகச் சிதறியிருந்தது. ஜெர்மானியர் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தது மாநகராட்சியின் புள்ளிவிவர அலுவலகம். நேர்த்தியான வேலை. எனக்கு முதலில் தோன்றியதும் அதுதான், மறைப்பானேன். இதுபோல எத்தனையோ வரைபடம் நானே போட்டிருக்கிறேன், கடைகளுக்கும் டெலிவரிக்கும்.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். யாக்கோப் லென்ட்ஸ் என்ற மனிதரை விட்டு என்னால் நகர முடியவில்லை. டச்சு மக்கள்தொகைப் பதிவேடுகளை மேற்பார்வையிடும் அரசு அலுவலகத்தின் தலைவர். 1930களில் ஆளுக்கு ஒரு அட்டை என்ற முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்ததில் முக்கியமானவர். பிறப்பிலிருந்து சாவு வரை, ஊர் மாறினால் அட்டையும் கூடவே போகும். அந்த அட்டையில் மதத்துக்கும் இடம் உண்டு. அது நாஜிகள் வந்து சேர்த்ததில்லை, முன்பே, நல்ல காலத்திலேயே இருந்தது. 1940 மே மாதம் நாடு ஜெர்மனியிடம் விழுந்தது. லென்ட்ஸ் வேலையை விடவில்லை. புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டையைத் திட்டமிட்டுக் கொடுத்தார். போலி செய்வதற்குள் எதிர்ப்பியக்கத்தாருக்குத் தாவு தீர்ந்துவிடும், அப்படியொரு அட்டை. யூதர்களின் அட்டையில் 'ஜே' எழுத்து. அவர் நாஜிக் கட்சிக்காரர்கூட இல்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் அவர் வெறி.

1941 ஜனவரியில் ஆணை வந்தது: யூதத் தாத்தா பாட்டி ஒருவர் இருந்தாலும் பதிந்துகொள்ள வேண்டும். கட்டணம் ஒரு கில்டர், அன்றைய டச்சு நாணயம். மக்கள் வரிசையில் நின்று, காசு கொடுத்து, தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 1,60,000 பேர், அதில் முழு யூதர் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் 1,40,000. அடுத்த வருடம் ஜூலையில் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ரயில்கள் கிளம்பத் தொடங்கின, ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு, பிறகு சோபிபோர் முகாமுக்கும். கொல்லப்பட்டவர்கள் 1,02,000 பேருக்கு மேல். நாலில் மூன்று பேர். பெல்ஜியத்தில் அது 40 சதவீதம் அளவு, பிரான்சில் நாலில் ஒருவர். பிரெஞ்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1872-க்குப் பிறகு மதத்தைக் கேட்பதே இல்லை.

இங்கே நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அட்டை இருந்ததால்தான் செத்தார்கள் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதி, என் கதைக்கும் பொருந்தும். ஆனால் தட்டையான நாடு, ஒளிய மலையோ காடோ இல்லை. ஆட்சி ராணுவத்திடம் இல்லாமல் தீவிர நாஜிகள் கையில் இருந்தது. பாதிக்கு மேல் யூதர்கள் ஒரே ஊரில். 1940 அக்டோபரில் அரசு ஊழியர்களிடம் தங்கள் வம்சத்தைப் பற்றிப் படிவம் கேட்டபோது, சுமார் இரண்டு லட்சம் பேரில் கிட்டத்தட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அட்டை அதில் ஒரு பங்கு. எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. லென்ட்ஸோடு என்னை ஒப்பிடுவதிலும் ஒரு அற்பப் பெருமை இருக்கிறது. நான் எழுதியது ஒரு ஸ்கிரிப்ட். என் வாசலில் எந்த ரயிலும் நிற்கவில்லை. போருக்குப் பின் அந்த மனிதருக்கு மூன்று வருடச் சிறை கிடைத்தது. எனக்கு அந்த வருட அப்ரைசலில் நல்ல ரேட்டிங் கிடைத்தது.

ஆனாலும் அந்த வார்த்தை. கண்டுபிடிச்சோம். தமிழில் நினைத்தபோதுதான் உறைத்தது. கண்டு, பிடித்தோம். ஆங்கிலத்தில் சொன்னபோது அதில் பிடி இல்லை.

சாயங்காலம் சென்னையில் இருந்த டீம் லீடிடம் சொன்னேன். "கஸ்டமர் கேட்டா ரோல்பேக் பண்ணிடு, இதுக்கு எதுக்குய்யா இவ்ளோ ஃபீலிங்?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஐரோப்பியத் தரவுச் சட்டப்படி மதம் தனிக் காப்புக்குரிய தகவல், எழுதிக் கொடுத்தவர்களிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். எழுதாதவர்களுக்கு நான் ஊகித்ததற்கு யாரிடமும் சம்மதம் இல்லை. அதையும்கூட நான் பிறகுதான் யோசித்தேன். அந்தச் சந்திப்பில் இருந்த ஏழு பேரில் வேறு யாரும் அதை எழுப்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் சாதிக் கட்டத்தை அப்பா நிரப்புவதைப் பார்த்து வளர்ந்தவன். தாசில்தார் கையெழுத்துப் போட்ட சாதிச் சான்றிதழை லேமினேட் பண்ணி பீரோவில் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டம் இல்லாமல் எனக்கு இன்ஜினியரிங் சீட் இல்லை, ஆம்ஸ்டர்டாம் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை. காலியாக விடுவதும் ஒரு பதில் என்பது என் புத்திக்கு எட்டாமல் போனதற்கு அது காரணமாக இருக்கலாம். சாக்காகவும் இருக்கலாம். ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "83-ல கொழும்புக்க வாக்காளர் லிஸ்டைக் கையில வச்சுக்கொண்டெல்லோ வந்தவங்கள்" என்றார். பிறகு, வெண்டைக்காய் அன்றைக்குத்தான் வந்தது என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேஸ்பர்ஸ்ட்ராட் தெருவில் இருக்கும் பெயர்களின் நினைவுச்சின்னத்துக்குப் போனேன். 2021 செப்டம்பரில் திறந்தது. செங்கல் சுவர்கள். ஒவ்வொரு செங்கல்லிலும் ஒரு ஆள்: பெயர், பிறந்த தேதி, வயது. மூன்று ஃபீல்டு. என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை, தொழில் புத்தி. ஒரே குடும்பப் பெயர் செங்கல் செங்கல்லாகப் போய்க்கொண்டே இருக்கும், பக்கத்தில் 41, 38, 9, 6 என்று வயதுகள். ஒரு குடும்பம் என்று நாமே கூட்டிக்கொள்கிறோம். பெயர் தெரியாதவர்களுக்காக ஆயிரம் வெற்றுச் செங்கல்களும் சேர்த்திருக்கிறார்கள். இந்தப் பெயர்களைத் தொகுக்க முடிந்ததற்கும் பதிவேடுகள்தான் கை கொடுத்திருக்கும் என்று நினைத்தபோது, அந்தப் பெண்மணியிடம் எதிர்வாதம் செய்ய ஒன்று கிடைத்துவிட்டது போல இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மிருகக்காட்சிசாலையை ஒட்டி, பழைய பதிவேட்டு அலுவலகக் கட்டடம். 1943 மார்ச் 27 இரவு, வில்லம் அரோண்டேயஸ் என்ற ஓவியரும் கெரிட் ஃபான் டெர் வேன் என்ற சிற்பியும் ஆட்களோடு போலீஸ் வேடத்தில் உள்ளே போனார்கள். காவலர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து வெளியே தோட்டத்தில் படுக்க வைத்துவிட்டு, அட்டைகளை உருவிக் குவித்துத் தீ வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே மெதுவாக வந்து, தேவைக்கு மேல் தண்ணீரைப் பீய்ச்சி, எரியாததை ஊற வைத்தார்கள். அப்படியும் அழிந்தது ஒரு பகுதிதான். அட்டைகளை நெருக்கி அடுக்கினால் லேசில் எரியாது. ஜூலை 1 அன்று அந்தக் குழுவில் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள், அரோண்டேயஸ் உட்பட. அடுத்த வருடம் ஏப்ரலில் தி ஹேக் நகரில் அடையாள அட்டை நகல்கள் இருந்த கிளைகாம்ப் மாளிகையைப் பிரிட்டிஷ் விமானங்கள் தாழப் பறந்து குண்டு போட்டு எரித்தன. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 60 பேர் செத்தார்கள். குமாஸ்தாக்கள். நம்மைப் போலக் காலையில் டிபன் கட்டிக்கொண்டு போனவர்கள். இவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

41 கட்டங்களையும் காலியாக்கினேன். மற்ற மதத்தாருக்கு ஊகித்ததையும் சேர்த்து எடுத்தேன். அந்தப் பெண்மணிக்கு மெயில் போட்டேன். "நன்றி" என்று ஒற்றைச் சொல் வந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எதற்கு என்று சரியாக எழுதத் தெரியாமல் விட்டுவிட்டேன். டெஸ்டிங் சர்வரின் பேக்கப்பில் அந்தப் பழைய டேபிள் எவ்வளவு காலம் கிடந்தது என்று நான் விசாரிக்கவில்லை. கேட்டால் ஒரு தேதி சொல்வார்கள், அது தெரியாமலிருப்பதே மேல் என்று நினைத்தேன் போல.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரு புகார் டிக்கெட் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஒரு பெரியவர் இறந்திருக்கிறார். சிஸ்டத்தில் மதம் காலி. அவரைத் தெரிந்த செவிலியர் விடுப்பில். திங்கட்கிழமை ஆன்ட்வெர்ப்பிலிருந்து மருமகன் முறையில் ஒருவர் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமையே அடக்கம் செய்திருக்கலாமே, குளிரறையில் ஏன் போட்டு வைத்தீர்கள் என்று கத்தியிருக்கிறார். டிக்கெட்டில் கேள்வி: மதத் தகவல் ஏன் இல்லை? பதிவு எண்ணைப் பார்த்தேன். 41-ல் ஒருவர். என் ரூல் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

யாரிடம் கேட்பது? அந்தப் பெண்மணி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பெரியவர் அதைக் காலியாக விட்டது வேண்டுமென்றா, மறந்தா, படிவம் நிரப்பிய அன்று அலுப்பாக இருந்ததா, எனக்குத் தெரியாது. அந்த ஒருவருக்கு மட்டும் நிரப்பி வைத்திருக்கலாமோ? ஒருவருக்கு மட்டும் என்று ஸ்கிரிப்ட் எழுத முடியாது. 'பயனர் தகவல் தரவில்லை, சிஸ்டம் எதிர்பார்த்தபடியே இயங்குகிறது' என்று எழுதி டிக்கெட்டை மூடினேன். எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

போன மாதம் வேறு டீமில் இருக்கும் ஒரு பையன் என் பழைய ஸ்கிரிப்டைக் கேட்டான். ஏதோ காப்பீட்டு நிறுவனத்துக்கு அதே மாதிரி வேலையாம். மதம் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மெசேஜ் வந்தது: "அண்ணா, டாக்குமென்ட்ல மதத்துக்கும் ரூல் இருக்குன்னு போட்டிருக்கீங்க, ஃபைல்ல காணோமே?"

"அது ஒழுங்கா வேலை செய்யலப்பா, தூக்கிட்டேன்" என்று எழுதினேன்.

"பரவால்லண்ணா," என்றான், "லாஜிக் புரிஞ்சிடுச்சு. நானே எழுதிக்கிறேன்."