டோஜின்ஷின்னா 'அந்த மாதிரி' புத்தகம் மட்டும்தானா?

ஜப்பானில் பதிப்பகத்தை நம்பாமல், வரைந்தவரே கைக்காசு போட்டு அச்சடித்து விற்கும் இதழ்தான் டோஜின்ஷி. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று விதியே கிடையாது. ரயில், சமையல், கவிதை என்று எதற்கும் டோஜின்ஷி உண்டு. 1885-இல் ஒசாகி கோயோவும் நண்பர்களும் தொடங்கிய 'கராகுதா புன்கோ' இலக்கிய இதழும் இதே வகைதான். நம்மூர்ச் சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்தக் கைநட்டம் நன்றாகவே புரியும்.

வயது வந்தோருக்கானவை நிறைய வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் 1984 முதல் நடக்கும் கோமிதியா விற்பனை விழாவில் சொந்தப் படைப்புகளுக்கு மட்டுமே இடம். மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) வரையும் பிரபலமான கிளாம்ப் குழு டோஜின்ஷியில் இருந்து வந்ததுதான்.

"டோஜின்ஷியில் அடுத்தவர் கதாபாத்திரத்தை வரைவது திருட்டுதானே?" என்பது அடுத்த கேள்வி. ஜப்பானில் பெரும்பாலான பதிப்புரிமை மீறல்களுக்கு உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் வழக்கு. புகார் இல்லாமலும் வழக்குத் தொடரலாம் என்று 2018 டிசம்பர் இறுதியில் வந்த சட்டத் திருத்தம், அசலை அப்படியே நகலெடுத்து விற்பவர்களைக் குறிவைத்தது. ரசிகர்கள் வரையும் மாங்கா அதில் வராது. அதற்காக அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. 1999-இல் போகிமான் டோஜின்ஷி வரைந்த ஒருவர் கைதே ஆனார். இன்னொன்று, டோஜின்ஷியை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது வரைந்தவரின் உரிமையை மீறுவது. மூலக்கதையே அடுத்தவருடையது என்ற சாக்கு 2020-இல் அங்குள்ள அறிவுசார் சொத்துரிமை உயர் நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

இனி அச்சு வேலை. அளவு பெரும்பாலும் பி5 அல்லது ஏ5. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்கு, அட்டையின் 4 பக்கங்களையும் சேர்த்து, மொத்தம் 4-ஆல் வகுபட வேண்டும். வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மி.மீ. வரை படத்தை நீட்டி வரையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக் கோடு தெரியும். டோன் (நிழலுக்காக இடும் புள்ளி நிரப்பு) போட்ட பிறகு பக்கத்தைச் சுருக்கவே கூடாது. புள்ளிகள் மோதி அலை அலையாகக் கோலம் விழும், அச்சானபின் அதைச் சரிசெய்ய வழியில்லை.

பலர் கோட்டைவிடுவது பக்க எண்ணில். படம் பக்கம் முழுக்க நிறைந்திருந்தாலும் எண் வேண்டும். தையல் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டால் போதும். எண் இல்லாவிட்டால் பைண்டிங்கில் பக்கங்கள் இடம் மாறும். கடைசிப் பக்கத்தில் வெளியீட்டுத் தேதி, குழுவின் பெயர், தொடர்பு முகவரி, அச்சகத்தின் பெயர் வர வேண்டும்.

1975-இல் 32 குழுக்களோடு தொடங்கிய காமிக்கெட் என்ற டோஜின்ஷி விற்பனை விழாவில் ஒரு குழுவுக்கு இன்று கிடைப்பது அரை மேசை, அகலம் 90 செ.மீ. காலையில் மாதிரிப் பிரதியை ஊழியர்களிடம் கொடுத்த பிறகே விற்பனை. விலையை 500, 1,000 யென் என்று முழுத்தொகையாக வையுங்கள். சில்லறை தீர்ந்தால் வரிசை அப்படியே நின்றுவிடும்.