இதற்கு விண்ணப்பிக்க வேண்டாம்

ஆய்வாளர்களுக்கு வெளியிலிருந்து நிதி கிடைக்க வழி பார்க்கும் அலுவலகத்தில் 14 வருடங்களாக வேலை செய்கிறேன். முதல் மூன்று வருடங்கள், திங்கட்கிழமை தோறும் புதிய நிதி அறிவிப்புகளைத் தொகுத்து எல்லா ஆசிரியர்களுக்கும் அனுப்புவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். நிதி நிறுவனத்தின் பெயர், தொகை, கடைசித் தேதி, ஓர் இணைப்பு. சில வாரங்களில் 40 வரிகூட வரும். அனுப்பி முடித்ததும் வாரத்தின் பெரிய வேலை முடிந்த நிறைவு இருக்கும்.

ஒரு நாள் மாடிப்படியில் வேதியியல் பேராசிரியர் ஒருவரைப் பார்த்தேன். "பட்டியல் வந்து சேர்கிறதா மேடம்?" என்று கேட்டேன்.

"வருகிறது. ஆனால் நான் திறப்பதில்லை. அதில் எனக்கானது எது என்று தேடவே ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாள் என்னிடம் இல்லை."

அவர் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அன்று மாலை என்னுடைய பட்டியலை அவருடைய கண்ணால் பார்க்க முயன்றேன். 40 வரியில் ஒன்றுகூட, 'இது யாருக்கு' என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்லும்? நான் எந்த அறிவிப்பையும் முழுதாக வாசித்ததில்லை.

அதற்கு அப்புறம்தான் வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரிச் சுருக்கத்துக்குப் பின்னால் பல பத்துப் பக்கங்களில் வழிகாட்டுக் குறிப்புகள் இருக்கும். அலுப்பூட்டும் மொழிதான். ஆனால் பணம் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். ஒரே ஆய்வு ஓரிடத்தில் பலமாகவும் இன்னோரிடத்தில் குறையாகவும் நிற்பது எப்படி என்பதும் அந்தப் பக்கங்களில்தான் பிடிபட்டது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உயிரியல் துறையில் இரண்டு பேர், வெவ்வேறு நாட்டில் இருப்பவர்கள், சேர்ந்து எட்டுக் கட்டுரைகள் எழுதியவர்கள். ஹியூமன் ஃபிராண்டியர் சயன்ஸ் புரோகிராமுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னார்கள். 1989-இல் தொடங்கி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து இயங்கும் அமைப்பு அது. உயிரியலின் அடிப்படைக் கேள்விகளுக்கு, பல நாட்டு ஆய்வாளர்கள் அடங்கிய குழுக்களுக்கு நிதி தருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இவர்களுக்கென்றே செய்தது போல இருந்தது. ஆனால் அந்த அமைப்பு தேடுவது புதிதாகச் சேரும் கூட்டணிகளை. வேறு வேறு துறைக்காரர்கள் முதல்முறையாக ஒரு கேள்விக்காகக் கைகோக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். முன்னோட்டத் தரவுகூட, அதாவது முன்கூட்டியே செய்து பார்த்த சோதனைகளின் முடிவுகள்கூட, கட்டாயமில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்.ஐ.எச்.) தரும் ஆர்01 போன்ற ஆய்வு நல்கைகளில் முன்னோட்டத் தரவு இல்லாமல் மதிப்பீட்டாளர்களை நம்பவைப்பது மிகவும் கஷ்டம். ஹியூமன் ஃபிராண்டியரில் நிலைமை நேர்மாறு. எட்டுக் கூட்டுக் கட்டுரைகள் இவர்களுடைய பெருமை. இந்த இடத்தில் அதுவே தடை.

"இதற்கு விண்ணப்பிக்க வேண்டாம்" என்றேன். ஓர் ஆய்வாளரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "சரி, அப்படியானால் எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் உருப்படியான பேச்சு தொடங்கியது. ஒரு மணி நேரத்தில், இரு நாட்டு நிதி அமைப்புகள் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். அதற்கான விண்ணப்பத்தில் எட்டுக் கட்டுரைகளும் முதல் பக்கத்திலேயே இடம்பிடித்தன.

எல்லோரும் இதை இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்வதில்லை. "போட்டுப் பார்த்தால் என்ன நஷ்டம்? கிடைத்தால் கிடைக்கட்டும்" என்பார்கள். நஷ்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2012-ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வு நிதிக்கு வந்த விண்ணப்பங்களைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒரு புதிய விண்ணப்பத்தை எழுத ஆய்வாளர்களுக்குச் சராசரியாக 38 வேலைநாள் ஆகியிருந்தது. 3,700-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுக்குச் செலவான நேரத்தைக் கூட்டினால் சுமார் 550 மனித ஆண்டுகள். அதில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் நிதி கிடைத்தது. 38 நாள் என்பது ஓர் ஆய்வுக் கட்டுரையை எழுதி முடிக்கும் நேரம். ஒரு மாணவரின் ஆய்வேட்டை ஒழுங்காக வாசித்துத் திருத்தும் நேரம்.

அதைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தில் (எல்லோரும் ஈ.ஆர்.சி. என்றுதான் சொல்கிறோம்) முதல் கட்ட மதிப்பீட்டில் குறைந்த தரம் வாங்கினால் அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கவே அனுமதி கிடையாது. எல்லாவற்றிலும் கீழான 'சி' தரம் என்றால் காத்திருப்பு இன்னும் நீளும். அவசரமாக எழுதிப் போட்ட ஒரு விண்ணப்பம், நன்றாக எழுதியிருக்கக்கூடிய இன்னொன்றின் வழியை அடைத்துவிடும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப்.-இல் கதை வேறு. ஒரு பக்கச் சுருக்கத்தில் அறிவுத்துறைக்கு என்ன பயன், சமூகத்துக்கு என்ன பயன் என்ற இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பிவிடுவார்கள். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து, அந்த இரண்டாவது பகுதியை விண்ணப்பிக்கும் நாள் இரவில் நான்கு வரியில் முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசிப்பவருக்கு அந்த நான்கு வரியின் வயது தெரிந்துவிடும்.

என்னுடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒற்றைப் பக்கத்தோடு உட்காருவது. என்.ஐ.எச். விண்ணப்பத்தில் ஆய்வு நோக்கங்களுக்கு ஒரே பக்கம்தான். முழு விண்ணப்பமும் அந்தப் பக்கத்தின் தோளில்தான் நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் நுண்ணுயிரியலாளர் அந்தப் பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்கு வந்தார். முதல் வரி: உலகம் எதிர்கொள்ளும் பெரிய சவால்களில் ஒன்று மருந்துக்கு அடங்காத கிருமிகள். உண்மைதான், ஆனால் அந்தத் துறையில் எல்லோருடைய முதல் வரியும் அதுதான். படித்துக்கொண்டே போனேன். மூன்றாவது பத்தியின் நடுவில், அடைப்புக்குறிக்குள், ஒரு வாக்கியம் ஒளிந்திருந்தது. மருத்துவக் குழாயின் உட்சுவரில் ஒட்டி வளர்ந்த பாக்டீரியாவைச் சுரண்டி எடுத்துத் தனியாக மிதக்கவிட்ட பிறகும், ஒரு நாள் வரைக்கும் அது மருந்துக்குச் சாகவில்லையாம்.

பென்சிலால் அதன் கீழே கோடு போட்டேன். "இதை எப்போது பார்த்தீர்கள்?"

அதுவரைக்கும் நாற்காலியின் நுனியில் இருந்தவர் முன்னால் நகர்ந்து, என் மேசையில் கிடந்த பேனா மூடியை எடுத்துக் குழாயாக வைத்துக் காட்ட ஆரம்பித்தார். இங்கே ஒட்டியிருக்கும், இப்படிச் சுரண்டினோம், சுவரை விட்டு வந்த பிறகும் அதற்குச் சுவரின் ஞாபகம் இருப்பது போல. தவறு செய்துவிட்டோமோ என்று மூன்று முறை திரும்பச் செய்து பார்த்தோம், மூன்று முறையும் அதேதான். பத்து நிமிடம் பேசியிருப்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசி முடித்ததும் அந்த அடைப்புக்குறிகளை அடித்துவிட்டு, அந்த வாக்கியத்திலிருந்து பக்கத்தின் உச்சிக்கு ஓர் அம்புக்குறி போட்டேன். மற்ற எதையும் நான் தொடவில்லை. ஆய்வு அவருடையது. அவர் வியந்த இடம் எது என்று காட்டியது மட்டும்தான் என் பங்கு.

நிதி நிறுவனங்களின் திட்ட அலுவலர்களுக்கு எழுதச் சொல்வது இன்னொரு விஷயம். புரோகிராம் ஆபீஸர் என்றாலே பலருக்கும் தயக்கம். தொந்தரவு செய்கிறோமோ, சிபாரிசு தேடுவதாக நினைத்துவிடுவாரோ என்று. என்.எஸ்.எஃப்., என்.ஐ.எச். போன்ற இடங்களில் விண்ணப்பிக்க நினைப்பவரின் கேள்விக்குப் பதில் சொல்வது அவர்களுடைய வேலையிலேயே ஒரு பகுதி. ஆய்வின் கரு ஒரு பத்தியில், தெளிவாக இரண்டு கேள்விகள், அவ்வளவு போதும். 'இது எங்கள் பிரிவுக்குப் பொருந்தாது, பக்கத்துப் பிரிவைக் கேளுங்கள்' என்று வந்த ஒரு வரிப் பதில், ஒருவருக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தியதை நேரில் கண்டேன்.

பட்ஜெட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். மறைமுகச் செலவு, அதாவது ஓவர்ஹெட், நிறுவனம் தங்கள் பணத்தில் கை வைப்பதாகப் பல ஆய்வாளர்களுக்குத் தோன்றுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசான் யூரோப் என்ற ஆய்வு நிதித் திட்டத்தில் நேரடிச் செலவின் மேல் 25 சதவீதம் இதற்கென்றே தருகிறார்கள். இரவெல்லாம் ஓடும் உறைபெட்டிக்கான மின்சாரமும், கணக்கு முடித்துத் தரும் ஊழியரின் சம்பளமும் அந்த இனத்தில்தான் வருகின்றன. கேட்க உரிமை உள்ள தொகையைக் கூச்சப்பட்டுக் குறைத்துப் போட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

அப்புறம், மறுப்புக் கடிதங்கள். நன்றாக எழுதிய விண்ணப்பமும் திரும்பி வரும். அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், என்.ஐ.எச்.-க்கு வந்த 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு ஆளாளுக்கு மதிப்பெண் மாறியது, அவர்களுக்குள் ஒத்துப்போகவே இல்லை. நல்லவற்றுக்குள் இன்னும் நல்லதைப் பிரிக்கும் அளவுக்கு அந்தத் தராசு நுட்பமானது இல்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013-இலேயே ஒரு வகை நல்கைக்கு, தகுதியான விண்ணப்பங்களுக்குள் குலுக்கிப் போட்டு எடுக்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் அகாடமியும் 2022-இலிருந்து சிறு நல்கைகளுக்கு அப்படிச் செய்து பார்க்கிறது. முதலில் கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது அதை நேர்மையான வழியாகவே பார்க்கிறேன். குலுக்கலில் தோற்றவர், தன் யோசனை மோசம் என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிட மாட்டார்.

மறுப்பு வந்தவரை ஒரு வாரம் கழித்துத்தான் வரச் சொல்வேன். அன்றைக்கே மதிப்பீட்டுக் குறிப்புகளை வாசித்தால் வசை மட்டுமே கண்ணில் படும். ஒரு வாரம் போனால், மூன்று மதிப்பீட்டாளர்களில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருப்பது தெரியும். அந்த இடத்தைச் சரிசெய்வதோடு அடுத்த விண்ணப்பம் தொடங்கும்.

நான் இதுவரை 'வேண்டாம்' என்று சொன்ன கதைகளையே எழுதிவிட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் இயற்பியலாளர், தற்காலிகப் பணியில் இருந்தவர், எங்கள் அலுவலகத்துக்கு வேறு எதற்கோ வந்தார். பயணச் செலவுக்கான படிவம் என்று ஞாபகம். பேச்சுவாக்கில் ஈ.ஆர்.சி.-யின் தொடக்கநிலை நல்கை பற்றிக் கேட்டேன். ஐந்து வருடத்துக்கு 15 லட்சம் யூரோ வரை கிடைக்கும், சொந்தமாக ஒரு குழு அமைக்கலாம். அவர் தலையசைத்தார். "எனக்குக் காலம் கடந்துவிட்டது. பிஎச்.டி. முடித்து எட்டரை வருடம் ஆகிறது."

அப்போதைய விதிப்படி பிஎச்.டி. முடித்து 2 முதல் 7 வருடங்களுக்குள் இருக்க வேண்டும். அவர் அந்த ஒரு வரியைப் பட்டியலில் படித்திருக்கிறார். என்னுடைய பழைய பட்டியல்களில் ஒன்றாகக்கூட இருக்கலாம். அதற்கு மேல் படிக்கவில்லை.

"குழந்தைகள் இருக்கிறார்களா மேடம்?" என்று கேட்டேன்.

"இரண்டு பேர்."

ஒரு குழந்தைக்கு 18 மாதம் என்று தாய்மார்களுக்குக் கால வரம்பை நீட்டித் தருகிறார்கள். இரண்டு குழந்தைகள் என்றால் 36 மாதம். ஏழு வருடம் பத்தாகிவிடும். விதிப்புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் முறை நேர்முகத் தேர்வு வரைக்கும் போனார், நிதி கிடைக்கவில்லை. இரண்டாம் கட்டம் வரை போனவர்களுக்கு அப்போது காத்திருப்புத் தடை இல்லை என்பதால் அடுத்த வருடமே மறுபடி எழுதினார். பிரஸ்ஸல்ஸ் நேரப்படி மாலை 5 மணிக்கு இணையதளம் மூடிவிடும், கடைசி மணி நேரத்தை நம்பாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். இரண்டு நாள் முன்னதாகவே என் அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தார். திட்டப் பகுதி ஏறியது, வரவு செலவு ஏறியது, நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் ஏறியது. கடைசியாக இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள். மூத்தவளுடையது ஸ்கேனில் கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை நேராக்கி மறுபடி ஏற்றினார்.