5 கிலோவும் 6 டன்னும்

பிப்ரவரி 3, 2025. சேலம், ஹாஸ்டல்

மைனர் டிகிரிக்கு, அதாவது சொந்தப் பாடத்தோடு கூடுதலாக வேறொரு துறையும் படிப்பதற்கு, யோசித்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த செமஸ்டரில் ஆரம்பம். ஐந்து பிரிவு: ஃபின்டெக்-பிளாக்செயின், தொழில்முனைவு, பொது நிர்வாகம், பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸ், சுற்றுச்சூழல். ஒன்றில் 18 கிரெடிட், அதாவது ஆறு பேப்பர், இப்போது இருக்கிற சுமைக்கு மேல். அரியர் கூடாது. சிஜிபிஏ 7.5க்குக் கீழே இறங்கக் கூடாது. என்னுடையது 7.8. பயமாகத்தான் இருக்கிறது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "மைனரா? நம்மூர்ல மைனர்னா வேற ஆளு கண்ணு" என்று சிரித்தார்.

பிப்ரவரி 5

சீனியர் அக்கா ஃபின்டெக் என்கிறார். மாமா பொது நிர்வாகம், குரூப் 1க்கு உதவுமாம். ரூம்மேட்டோ, "ஹானர்ஸ் எடுடி, நம்ம துறையிலேயே கூடுதல் பேப்பர், அதுவும் 18 கிரெடிட்தான். சைபர் செக்யூரிட்டின்னா நம்ம பாடமாச்சே" என்கிறாள். அவள் சொல்வதுதான் நியாயமாகப் பட்டது.

பிப்ரவரி 8. ஊர், ஆத்தூர் பக்கம்

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்குகிறார்கள். இரண்டு லோடு, லோடுக்கு 6 டன், ஒரே காடு, ஒரே நாள், ஒரே சேகோ (ஜவ்வரிசி) ஆலை. காலை லோடுக்கு 27 பாயிண்ட், சாயங்கால லோடுக்கு 24. பாயிண்டுக்கு டன்னுக்கு 230 ரூபாய். மூணு பாயிண்டில் 4,140 ரூபாய் போச்சு. அப்பா ராத்திரி சாப்பிடவே இல்லை.

பாயிண்ட் என்பது மாவுச்சத்து. 5 கிலோ கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். மாவு தண்ணீரைவிடக் கனம். உள்ளே எடை கூடக் காட்டினால் மாவு கூட. கணக்கு சுத்தமானதுதான். ஆனால் 6,000 கிலோவின் விலையை அந்த 5 கிலோ தீர்மானிக்கிறது. எந்த 5 கிலோ? கை போன இடத்திலிருந்து. பிடிக்கவில்லையென்று லோடைத் திருப்பவும் முடியாது, பிடுங்கின கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும். அது ஆலைக்காரருக்கும் தெரியும்.

பிப்ரவரி 9

கொக்கித் தராசும் அண்டாவும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். மிச்சமிருந்த வரிசைகளில் ஆறு இடத்தில் மூணு மூணு கிலோ. மண்ணைக் கழுவி, வலைப்பையில் கட்டி, தண்ணீருக்குள் இறக்கினேன். உள்ளே காட்டிய எடை: 318 கிராம், 291, 335, 304, 327, 296.

ஒரே காடு! வாய்க்கால் ஓரத்துச் செடியில் கம்மி, மேட்டில் அதிகம். ஆறே சாம்பிள்தான், காரணம் அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 27ம் 24ம் ஏமாற்றே இல்லாமலும் வந்திருக்கலாம்.

அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப அவன் செஞ்சது சரிங்கறியா?"

"இல்லப்பா. சரின்னும் சொல்ல முடியல, தப்புன்னும் சொல்ல முடியல. ஒரு லோடுக்கு நாலஞ்சு சாம்பிள் எடுத்துச் சராசரி போட்டாத்தான் தெரியும்."

"நீ போய்க் கேளு, போட்டுத் தருவான்" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 12. ஹாஸ்டல்

எத்தனை சாம்பிள் எடுத்தால் போதும்? கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரிந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. டேட்டா அனலிடிக்ஸ் பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறது, சப்ளை செயின் இருக்கிறது. கூடவே மனிதவளம், சோஷியல் மீடியா மார்க்கெட்டிங். அந்த இரண்டும் எனக்கு வேப்பங்காய். சுற்றுச்சூழல் பிரிவில் விவசாயம் ஒரு பேப்பர் உண்டு, ஒரு மணி நேரம் அங்கேயும் சபலப்பட்டேன். எனக்கு வேண்டியது ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

ரூம்மேட் தலையில் அடித்துக்கொண்டாள். "கிழங்குக்காகவாடி?"

பிப்ரவரி 14

டேட்டா அனலிடிக்ஸ் என்று பெயர் கொடுத்தாயிற்று. அப்பாவுக்குக் கூப்பிட்டேன். மைனரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒரு லோடு பாக்கி, சனிக்கிழமை ஏற்றுகிறாராம். தராசுக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா என்றார்.