16க்கு 9

என் அக்கா மகன் சென்ற மாதம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, தன் கைப்பேசியின் பாட்டுச் செயலியை லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும், தரத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி, "மாமா, கேட்டுப் பாருங்க, தபேலா தனியா எழுந்து வருது" என்று என் காதில் ஹெட்போனை மாட்டினான். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் மாட்டியது ப்ளூடூத் ஹெட்போன். இழப்பில்லாமல் வந்து சேர்ந்த கோப்பைக் கைப்பேசி பிரித்து, காற்றில் அனுப்புவதற்காக எஸ்பிசி அல்லது ஏஏசி போன்றதொரு முறையில் இழப்போடு மறுபடியும் சுருக்கித்தான் அந்த ஹெட்போனுக்குக் கொடுக்கிறது என்று நான் சொன்னபோது அவன் நம்பவில்லை. "அப்போ எனக்குக் கேட்ட வித்தியாசம்?" என்றான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடி எனக்கு இரண்டு வாரம் கழிந்தது.

இரண்டு வகைச் சுருக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காசிமேட்டில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். ஃப்ளாக் போன்ற லாஸ்லெஸ் கோப்பு, முழு மீன்களை நெருக்கி அடுக்கிய ஐஸ் பெட்டியைப் போன்றது. இடம் மிச்சமாகிறதே தவிர, பெட்டியைத் திறந்தால் செதில் ஒன்றுகூடக் குறையாமல் அதே மீன் கிடைக்கும். எம்பி3 ஆய்ந்து வாங்கிய மீன். நாம் தின்னமாட்டோம் என்று ஆய்பவர் முடிவு செய்தவை அங்கேயே கழிக்கப்பட்டுவிடும், வீட்டுக்கு வந்தபின் அவற்றை ஒட்டவைக்க முடியாது. ஆடியோ சிடியில் ஒலியை அளந்தெடுத்த மாதிரிகள் விநாடிக்கு 44,100, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள் என்று விநாடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிறது. 5 நிமிடப் பாட்டு ஏறத்தாழ 53 எம்பி (மெகாபைட்). ஃப்ளாக் அதைப் பெரும்பாலும் பாதியளவுக்கோ அதற்குச் சற்று மேலாகவோ குறைக்கும். விநாடிக்கு 128 கிலோபிட் ஓடும் எம்பி3யில் அதே பாட்டு 5 எம்பிக்குள் அடங்கும். பர்மா பஜாரில் ஒரே சிடியில் 150 பாட்டு என்று நாங்கள் அள்ளிக்கொண்டு வந்த காலம் இந்தக் கணக்கில்தான் ஓடியது.

எதைக் கழிப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி எங்கள் தெருமுனையில் உறுமிக்கொண்டு திரும்பும் சில விநாடிகளில் சுவர்க்கடிகாரத்தின் ஓசை கேட்பதில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பலத்த ஒலி தன் அருகிலுள்ள அலைவரிசைகளின் மெல்லிய ஒலியை மறைத்துவிடும். அது அடங்கிய பிறகும் மறைப்பு சற்று நேரம் நீடிக்கும். காதின் இந்த இயல்பை நம்பித்தான் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் உழைத்து உருவாக்கிய முறை, 1993இல் சர்வதேசத் தரமாக வெளிவந்தது. துணையிசையே இல்லாத ஒரு பெண்குரல் பாட்டைச் சுருக்கியபோது அது சகிக்க முடியாதபடி கெட்டுப்போனதால், அதையே மீண்டும் மீண்டும் கேட்டு அவர் தம் முறையைச் செப்பனிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நூறு வயலின்கள் சேர்ந்து முழங்கும்போது பிழைகள் ஒளிந்துகொள்ள இடம் உண்டு, தனிக்குரலில் இல்லை.

இனி எங்கள் சோதனை. கம்பியுள்ள ஹெட்போன், கணினி, நான் காசு கொடுத்து வாங்கிய ஆடியோ சிடிகள், ஏபிஎக்ஸ் சோதனைக்கான மென்பொருள் ஆகியவைதான் கருவிகள். 1950இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் என்ற இருவர் எழுதி வைத்த இந்த முறையில், ஏ ஒரு கோப்பு, பி இன்னொரு கோப்பு, எக்ஸ் என்பது அவ்விரண்டில் ஏதோ ஒன்று. எது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். 16 முறை கேட்டால் வெறும் ஊகத்திலேயே 8 வந்துவிடும் என்பதால், 12 சரியாக வந்தால்தான் நாங்கள் வித்தியாசத்தைக் கேட்டதாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கு 12 அல்லது அதற்கு மேல் கிடைக்கும் வாய்ப்பு 100க்கு 4 கூட இல்லை. இரண்டு கோப்புகளின் ஒலி அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தேன், ஏனெனில் ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதைக் காது 'கூடுதல் சத்தம்' என்று சொல்லாது, 'கூடுதல் தெளிவு' என்றே சொல்லும். என் மருமகனின் தபேலா எழுந்து வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகவோ, செயலியில் இருந்தது அதே பாட்டின் வேறு மாஸ்டரிங்காகவோ (வெளியிடுவதற்கு முன் ஒலியைச் செப்பனிட்ட இறுதி வடிவம்) இருந்திருக்க வேண்டும். எதிர்பார்ப்புக்கும் பங்கு உண்டு என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு, ஜன்னல்களை அடைத்துவிட்டு, துணி அலமாரிகள் இருக்கும் பின்னறையில் உட்கார்ந்தோம். 320 கிலோபிட் எம்பி3யை ஃப்ளாக்கிலிருந்து பிரித்தறிய முயன்று நான் வாங்கியது 16க்கு 9. பத்தாண்டுகளாக நண்பர்களிடம் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். 192 கிலோபிட்டில் 11 வந்தது. நாங்களே வைத்துக்கொண்ட விதிப்படி அதுவும் தேறவில்லை. 128இல் சினிமாப் பாட்டுக்கு 12, கஞ்சிராத் தனி ஆவர்த்தனத்துக்கு 15.

அந்த 15 ஏன் வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டகங்களாக, அதாவது சுமார் 26 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கிக்கொண்டு வேலை செய்கிறது. ஒரு துண்டின் முன்பகுதியில் அமைதியும் பின்பகுதியில் ஓர் அடியும் இருந்தால், பிட்டுகளைச் சிக்கனம் செய்வதால் உண்டாகும் இரைச்சல் அந்த அடியோடு மட்டும் நிற்காமல் அதற்கு முந்திய அமைதியிலும் பரவிவிடும். அடி விழுவதற்கு முன்பே அதன் நிழல் விழுவதைப் போல ஒரு மெல்லிய 'ஸ்' கேட்கும். முன்னெதிரொலி எனப்படும் இதைக் குறைக்கத் துண்டுகளை இன்னும் சிறியதாக நறுக்கிக்கொள்ளும் வசதி எம்பி3க்கு உண்டு, ஆனால் 128 கிலோபிட்டில் அது போதவில்லை. மேல்நாட்டுச் சோதனைகளில் இதற்குக் காஸ்டநெட் என்ற கட்டைத் தாளத்தைப் பயன்படுத்துவார்கள். நமக்குக் கஞ்சிராவின் சலங்கைத் தட்டும் கைத்தட்டலும் போதும்.

என் மருமகனுக்கு வயது 19. கீச்சென்ற ஒலி 17 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை அவன் காதில் விழுகிறது; எனக்கு 12ஐத் தாண்டினால் மௌனம். 128 கிலோபிட் எம்பி3 வழக்கமாக 16, 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டியே விடும் என்பதால் அவன் என்னை எளிதில் வெல்வான் என்றுதான் நினைத்தேன். முதல் சுற்றில் கஞ்சிராவுக்கு அவன் வாங்கியது 10. அடிக்கு முந்திய அந்தச் சிறு இரைச்சலை ஒருமுறை சுட்டிக்காட்டிவிட்டு மறுபடியும் உட்கார வைத்தபோது 14. இசையை ரசித்துக் கேட்டவரை அவனுக்கு எதுவும் தெரியவில்லை; பழுது எங்கே என்று மெக்கானிக்கைப் போலத் தேடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. இந்தத் திறமையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நன்மைதானா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சிடிக்கும் மேலான 24 பிட் கோப்புகளைப் பற்றியும் அவன் கேட்டான். அதற்கு 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட சோதனையைக் காட்டினேன்: உயர்தர ஒலித்தட்டின் ஒலியை நேராகவும் சிடி தரத்துக்கு இறக்கியும் ஒலிக்கவிட்டதில், 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரி. காசைச் சுண்டியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு என் கணினி வட்டில் ஃப்ளாக் கோப்புகளைத்தான் வைத்திருக்கிறேன், அதற்குக் காரணம் என் சித்தப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவர், இரவில் சாவு வீடுகளில் கானா பாடுவார். உடல் மூலக்கொத்தளம் மயானத்துக்குப் போகும்வரை டோலக்கும் கைத்தட்டலுமாக விடிய விடியப் பாடிய ஓர் இரவு 90 நிமிட கேசட்டில் பதிவாகியிருந்தது. 2003இல் ஒரு கடையில் கொடுத்து அதை எம்பி3 ஆக்கினேன். கடைக்காரர் இடத்தை மிச்சப்படுத்தி 64 கிலோபிட்டில் போட்டுக் கொடுத்தார், நானும் கேட்கவில்லை. பூஞ்சை பிடித்த கேசட்டைத் தூக்கிப் போட்டதும் நான்தான். அந்தக் கோப்பை இன்று ஃப்ளாக்காக மாற்றினால் ஆய்ந்த மீனைப் பெரிய பெட்டியில் வைத்ததாக முடியும், அவ்வளவே.

சோதனை முடிந்த பிறகு அதை மருமகனுக்குப் போட்டுக் காட்டினேன். அப்போது அவன் மாட்டியிருந்தது அதே ப்ளூடூத் ஹெட்போன். இரண்டு விநாடி கூட ஆகியிருக்காது.

"மாமா, தாத்தா பாடறப்ப பின்னாடி யாரோ தண்ணிய அலசுறாங்களா?"

"கை தட்டுறாங்கடா."